ஆறு கிலோ

எண்பது கிலோ ஆர்கனை மூன்றாவது மாடியிலிருந்து இறக்கும்போதெல்லாம் புல்லாங்குழல்காரர் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார்.

"உள்ள யாராவது படுத்திருக்காங்களா மேடம்?"

ஆர்கன் வாசிக்கும் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுமுனையைத் தூக்கும் கணவருக்கு வயிறு எரியும்.

"இந்த ஆளுதான் வந்து தூக்கணுமா?"

"கூட வாசிக்கிறவரு, ஒரு கை கொடுக்கிறாரு. வேற யாருங்க வருவா?"

கணவர் ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினார். பழைய ஆர்கன், எலெக்ட்ரிக் பியானோ எல்லாவற்றின் ஒலியும் அடங்கிய கீபோர்டு ஒன்று அகப்பட்டது. ஆறே கிலோ. தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

வாசித்துப் பார்த்த மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் மேல இவ்வளவு அக்கறையா!"

"இனிமே எவன் தயவும் வேண்டாம்" என்றார் கணவர். ஆர்கனை அன்றே விற்றார்கள்.

சனிக்கிழமை மாலை கீழே ஹாரன் கேட்டது. கணவர் வழக்கம்போல் சட்டையை மாட்டினார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"கச்சேரிக்குத்தான். எட்டு வருஷமா வர்றேனே!"

"அது ஆர்கன் தூக்கத்தானே? வேன்ல அதைப் பிடிச்சுக்கிட்டே வருவீங்க, பாவம். இனிமே வீட்ல நிம்மதியா இருங்க."

கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் துள்ளி இறங்கினாள். கணவர் ஜன்னலுக்கு ஓடினார்.

கீழே வேன் இல்லை. புல்லாங்குழல்காரர் தன் ஸ்கூட்டரின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.