இடவல மாற்றம்

இயற்பியல் ஆசிரியர் ஒரு வாரமாகப் பலகையில் எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பி எழுதிப் பழகினார்.

"கை கோணிக்கிச்சாங்க?" என்றாள் மனைவி.

"ஆன்லைன் வகுப்புல நான் எழுதுறது திரும்பித் தெரியுது. என் திரையில பாத்தேனே! முப்பது வருஷமா கண்ணாடியும் பிம்பமும் நடத்துறவனுக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை, தலைமையாசிரியை பார்வையிட்ட வகுப்பில் 'மெய்பிம்பம், மாயபிம்பம்' என்று திருப்பி எழுதினார். அவர் திரையில் முத்து முத்தாக நேராகத் தெரிந்தது. மாணவர்கள்தான் ஏனோ எழுந்து ஓடி, ஆளுக்கொரு கைக்கண்ணாடியோடு வந்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை போனில் அழைத்தார்.

"பிரமாதம் சார்! அவங்கவங்க திரைதான் அவங்களுக்குக் கண்ணாடி மாதிரி காட்டும். நேரா எழுதினா பிள்ளைங்களுக்கு நேராத்தான் தெரியும். அது தெரிஞ்சும், அவங்க கண்ணாடியில பாத்துப் படிக்கட்டும்னே திருப்பி எழுதினீங்க பாருங்க!"

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா மேடம்... ஒரு வாரமா யோசிச்சுப் பண்ணேன்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி போய், சவரக் கண்ணாடியை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுல யாரு தெரியுது?"

"பெரிய அறிவாளி ஒருத்தன்," என்றார். "மாயபிம்பம்தான்."