டிரம்முக்குள் வெளிச்சம்

டிராக்டரின் பின்பக்கத்துப் பழைய மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டுப் புது எல்இடியை மாட்டி, சுவிட்சைப் போடுகிறேன். கொட்டகை மூலையில், வேலையாட்கள் குடிக்கும் தண்ணீர் டிரம்மின் வெள்ளை பிளாஸ்டிக்கை ஊடுருவிக்கொண்டு வெளிச்சம் போகிறது. உள்ளே, வால் நீண்ட ஓர் எலி உப்பி மிதக்கிறது. சற்றுமுன் இருட்டில் நான் மொண்டு குடித்தபோது எழுந்த அலையில் அது இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொட்டகை வாசலில் நிற்கும் முதலாளியிடம் திரும்புகிறேன். “முதலாளி, தண்ணியில எலி செத்துக் கிடக்கு.” அவர் தனக்கென்று கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாக மூடுகிறார். “நேத்தே பார்த்தேன். வேலை முடியட்டும், கொட்டிடலாம். நீ லைட்டை வயல் பக்கம் திருப்பு, ஆளுங்க வர்றாங்க.” முழங்கால்வரை சேறோடு வந்த பெண் டம்ளரை எடுத்து டிரம்மை நோக்கிக் குனிகிறாள். விளக்கை நான் அசைக்கவில்லை. அவள் கை பாதியில் நிற்கிறது. பிறகு நிமிர்ந்து, அவர் கையிலிருக்கும் பாட்டிலைப் பார்க்கிறாள்.