நெருப்பும் பிள்ளையும் கூடாது

யாக்கோப்பின் வள்ளத்தில் இரண்டு சட்டங்கள். ஒன்று, சுருட்டு, பீடி, சிகரெட் எதுவும் பற்றவைக்கக்கூடாது. மற்றது, சிறுபிள்ளைகளை ஏற்றமாட்டான்.

நாயாற்றுத் துறையில் இரண்டையும் பலகையொன்றில் தாரால் எழுதி நட்டுவைத்திருந்தான். ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதிலும் வைத்திருந்தான்.

"வள்ளத்துக்க பெற்றோல் இருக்கு. ஒரு பொறி விழுந்தால் எல்லாரும் ஒண்டாய் மோட்சம் போகவேண்டியதுதான். பிள்ளையள் அதைவிட ஆபத்து. ஒரு இடத்தில இராதுகள், வாயும் மூடாதுகள்."

யுத்தத்தால் பெற்றோலுக்குத் தடை போட்டிருந்த காலம் அது. வன்னியில் அதை மருந்துபோல் குப்பியில்தான் காணலாம். மீனவர் சங்கம் பாடுபட்டுச் சேர்த்த இரண்டு கான் பெற்றோலும் யாக்கோப்பின் பொறுப்பில் இருந்தன. அதில் ஒன்றை, வருத்தக்காரரை ஏற்றும் ஆசுப்பத்திரி வானுக்காக எடுத்துப்போகச் சங்கச் செயலாளர் மெல்ரொன் அன்று காலை துறைக்கு வந்தான்.

வள்ளத்தில் ஒரு கான்தான் இருந்தது.

"களவு போட்டுது தம்பி!" யாக்கோப்பு தலையில் அடித்துக்கொண்டான். "விடிய வந்து பாக்கிறன், ஒண்டைக் காணேல்லை. இதையும் நீ கொண்டுபோனால் வள்ளம் ஓடாது. இனி இதைவிட்டு நான் எழும்பமாட்டன்."

மிஞ்சிய கானைக் கரைக்குத் தூக்கிவந்து மணலில் வைத்து, அதன்மேலேயே குந்திக்கொண்டான்.

களப்பு நீரைக் கடந்து அக்கரைக்குப் போகவென்று ஏழெட்டுப் பேர் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள்.

"எல்லாற்றை சாமானையும் அவிழ்த்துப் பாப்பமோ?" என்றான் மெல்ரொன்.

"என்ர கடகத்தைத் திற ராசா," என்றா கூடையில் மீன் விற்கும் மார்கிறட். "பிறகு மூண்டு நாளைக்கு உனக்குச் சோறு இறங்காது."

யாக்கோப்பு மெல்ரொனைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னான். "ஒண்டும் அவிழ்க்கத் தேவையில்லை. எல்லாருக்கும் சுருட்டுக் குடுப்பம். பெற்றோலை ஒளிச்சு வச்சிருக்கிறவன் நெருப்புக்குக் கிட்டவும் வரமாட்டான்."

மெல்ரொன் அசந்துபோனான். படகோட்டிக்குள் இப்படியொரு துப்பறிவாளனா!

யாக்கோப்பு மடியிலிருந்து சுருட்டுக் கட்டை எடுத்தான். முதலில் தான் ஒன்றைப் பற்றவைத்துப் புகையை வானத்துக்கு விட்டான். "வாங்கோ, வாங்கோ! வள்ளத்துக்கதான் சட்டம். கரையில பத்தலாம். இண்டைக்கு என்ர கணக்கில."

"யாக்கோப்பு ஓசியில குடுக்கிறானோ? களப்பு வத்தப்போகுது!" மார்கிறட் ஒன்றை வாங்கி, கரையோரப் பெண்களின் வழக்கப்படி நெருப்பு முனை வாய்க்குள் இருக்கும்படி வைத்து ருசித்து இழுத்தா. நெருப்புப் பெட்டி கை மாறியது. கரையெல்லாம் புகை.

ஒரு ஆள் மட்டும் கை நீட்டவில்லை. கதிர்காமநாதன். உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த வயல்காரர். சுருட்டில்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அந்தப் பலகைக்காக யாக்கோப்போடு எத்தனையோ தரம் சண்டை பிடித்தவர்.

"எனக்கு வேண்டாம். நெஞ்சுக்குச் சரியில்லை," என்றார். பக்கத்தில் ஒரு பெரிய தேயிலைப் பெட்டி. வாயைப் பழைய சேலையால் மூடிக் கட்டியிருந்தது. புகைத்தபடி ஒருவன் கிட்ட வர, பதறிப்போய் அவனைத் தள்ளினார். "அங்கால போய்ப் பத்து தம்பி! பெட்டிக்குக் கிட்ட வராதை!"

யாக்கோப்பு மெல்ரொனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பெட்டிக்குள்ள என்ன ஐயா?" மெல்ரொன் நெருங்கினான்.

"சட்டி பானை."

"திறவுங்கோ பாப்பம்."

"தம்பி, கும்பிட்டுக் கேக்கிறன். இண்டைக்கு எப்பிடியும் நான் அக்கரை போகவேணும்."

"வருத்தக்காரற்றை பெற்றோலை எடுத்துப்போட்டுக் கும்பிடுகினமாம்!" யாக்கோப்பு புகையை ஊதிச் சிரித்தான். "கள்ளனைச் சங்கத்துக்குக் கொண்டுபோங்கோ!"

அந்தப் புகை காற்றில் மிதந்து பெட்டியைச் சுற்றியது.

பெட்டி தும்மியது.

"சேசுவே! சட்டி பானைக்குத் தடிமன் பிடிச்சிட்டுதோ?" என்றா மார்கிறட்.

மெல்ரொன் சேலையை இழுத்தான். இரட்டைப் பின்னலும் புதுச் சட்டையுமாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு ஐந்து வயதுப் பெண்பிள்ளை எழுந்து நின்றது.

"என்ர மகள் சுதாஜினி," கதிர்காமநாதன் தலையைக் குனிந்தார். "தாய் அக்கரை ஆசுப்பத்திரியில. தம்பி பிறந்திருக்கிறான். பாக்கவேணும் எண்டு ஒரே அழுகை. சுத்திப்போற பாதையால இவளை நடத்த ஏலாது. உந்தப் பலகைக்குப் பயந்துதான்..."

மார்கிறட் சுருட்டை எடுத்துப் பின்னால் மறைத்தா.

யாக்கோப்பு விடவில்லை. "பிள்ளையைக் களவாய் ஏத்த வந்தவன் பெற்றோலை எடுக்கமாட்டானோ? பெட்டியை அடிமட்டும் தேடுங்கோ!"

அடிமட்டும் தேடினார்கள். அரைவாசி கடித்த பணிஸ் ஒன்று கிடந்தது.

சுதாஜினி யாரையும் பார்க்கவில்லை. யாக்கோப்பு குந்தியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அதுக்குள்ளயோ பெற்றோல் இருக்கு?"

"ஓம் பிள்ளை."

"அப்ப ஏன் அந்த மாமா அதுக்கு மேல இருந்து சுருட்டுப் பத்துறார்?"

அடுத்த கணம் கடகம், மூட்டை எல்லாவற்றையும் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். முன்னுக்கு ஓடியது மார்கிறட்.

ஓடாமல் இருந்தவன் யாக்கோப்பு ஒருவன்தான். வாய் பிளந்தபடி இருந்தான். வாயிலிருந்த சுருட்டு நழுவிக் கானின் மேலேயே விழுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

மெல்ரொன் மெல்லத் திரும்பி வந்தான். யாக்கோப்பைத் தோளில் பிடித்து எழுப்பி, மூடியைத் திருகிக் கானை மணலில் சரித்தான்.

களப்புத் தண்ணீரோடு வெளியே வந்து துள்ளியது ஒரு குட்டி இறால்.