ஆறுமணிக்குருவியின் மூன்றாவது விசில்

பங்குனி பிறந்தாலே பெரும்பாக்கத்துக்காரர்கள் பறவைச் சத்தம் கேட்டாலே பயப்படுவார்கள். தெருவிளக்கில் அரசு பொருத்திய ஒலிவாங்கிக் காதில் ஓர் அபூர்வப் பறவையின் குரல் மூன்று முறை விழுந்தால் விளக்கு பச்சையாகிவிடும். சட்டப்படி அந்தப் பறவை போகும்வரை தெருவே காலி. போன வருடம் ஓர் ஆந்தைக்காகக் கிளம்பிய பக்கத்துத் தெருக்காரர்கள் இன்னும் அரசு முகாமில்தான் கிடக்கிறார்கள். ஆந்தை குஞ்சு பொரித்துவிட்டது.

அன்று சாயங்காலம் கஸ்தூரியின் பால்கனிக் கம்பியில் ஓர் ஆறுமணிக்குருவி வந்து உட்கார்ந்தது. பச்சை முதுகு, சிவந்த வயிறு. ஒரு முறை விசிலடித்தது. கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். உள்ளே கட்டிலில் முதுகெலும்பு உடைந்த கணவன். அவனை எந்த முகாமுக்குத் தூக்கிப்போவது? குருவி மறுபடி விசிலடித்தது. வீட்டுக்கு வீடு இதற்கென்றே வைத்திருக்கும், துணி கட்டிய கழியை எடுத்துச் சத்தமில்லாமல் வீசினாள். குருவி பறந்தது.

எதிர் பால்கனியிலிருந்து மெகராஜ் மெதுவாகச் சொன்னாள்: "போயிடுச்சுடி. வெளக்கு வெள்ளையாத்தான் இருக்கு."

கஸ்தூரி மூச்சுவிட்டாள். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அதே விசில், அச்சு அசலாக. கட்டிலோரம் நின்ற நான்கு வயது மகள் தேன்மதி உதட்டைக் குவித்திருந்தாள்.

"அம்மா, அப்பா சிரிச்சாரு" என்றாள்.

தெருவிளக்கு பச்சையானது.

இருட்டுவதற்குள் தெரு முழுக்க மூட்டை கட்டியது. மெகராஜ் அழுதுகொண்டே கேட்டாள்: "எங்கடி ஒளிஞ்சிருக்கு அந்தச் சனியன்?"

மகளின் வாயைப் பொத்திய கையைக் கஸ்தூரி எடுக்கவே இல்லை.