நாற்பது கட்டங்கள்

“இருபதாவது வாரம்! இனிமே நாம பேசுறது குழந்தைக்குக் கேட்க ஆரம்பிச்சுடும்!”

கணக்கு வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டு அறைச் சுவரில், அவரே ஸ்கேல் வைத்து வரைந்து ஒட்டிய நாற்பது கட்டங்களில் இருபதாவதைச் சிவப்புப் பேனாவால் நிரப்பினார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கியிருக்கும் கரு. துள்ளாமல் என்ன செய்வார்?

“அப்படின்னா இனிமே என்னைத் திட்ட முடியாது. மாட்டிக்கிட்டீங்க,” என்றாள் மனைவி.

“நான் எப்போ திட்டினேன்? ஏய், அதை ஏன் தூக்குற? கீழே வை!”

“தலையணைங்க இது. பாறாங்கல் இல்லை.”

“பாரம் தூக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு.”

எல்லாம் புத்தகப்படிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தந்த வாரத்துப் பக்கத்தை உரக்கப் படிப்பார். முதல் மூன்று மாசம் வாந்தியும் மயக்கமும் என்று படித்தபோது, ஏதோ தானே வாந்தி எடுத்தவர் மாதிரி விளக்கமும் கொடுத்தார். ஆனால் ஒரு பக்கம்கூட முன்னால் தாண்டமாட்டார். அது, பரீட்சைத் தாளை முதல் நாளே பார்ப்பது மாதிரி அவருக்கு.

இத்தனை சந்தோஷத்திலும் ஒரே ஒரு எரிச்சல். வீட்டு வேலைக்கு வரும் பெண்.

அவர் புத்தகத்தைத் திறந்தால் போதும், அவள் கை நின்றுவிடும்.

“பார், பத்து நிமிஷமா அதே இடத்தையே துடைக்குது. காது மட்டும் இங்கே இருக்கு,” என்று முணுமுணுத்தார்.

“கேட்டுட்டுப் போகட்டும், விடுங்க.”

“வர வர வேலையில அசமந்தம். வேற ஆள் பார்த்துடலாம். நீ கவலைப்படாதே, நீ கவலையே படக் கூடாது, நானே சொல்லிடுறேன்.”

சாயங்காலம் தொட்டில் வரப்போகிறது. அதற்கு இடம் பண்ண வேண்டும்.

“ஏம்மா, இங்க வா. இந்த பீரோவை ஜன்னல் பக்கம் தள்ளணும், ஒரு கை கொடு.”

“நானும் பிடிக்கிறேன்,” என்று வந்தாள் மனைவி.

“நீ அந்த வாசப்படியைத் தாண்டாதே!”

அந்தப் பெண் ஈரக் கையைத் தன் தொளதொள சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தள்ளுதான். பீரோ அரையடி நகர்ந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

வாத்தியாருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “அதுக்குள்ளேயா? ஒட்டுக் கேட்க மட்டும் தெம்பு இருக்கு, இல்லே?”

“என்னங்க இது!” என்று பதறினாள் மனைவி.

அந்தப் பெண் கோபப்படவில்லை.

“ஒட்டுத்தான் கேட்டேன் சார். எனக்குப் படிக்கத் தெரியாது. முன்னாடி வேலை பார்த்த வீட்டுல விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே நின்னுக்கோன்னுட்டாங்க. அதான் இங்கே வாயே திறக்கலை.”

சட்டையை வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்தாள். வயிறு நன்றாகவே எடுப்பாகத் தெரிந்தது.

வாத்தியாரின் கை பீரோவிலிருந்து தானாக விலகியது.

“நீங்க படிக்கப் படிக்க, ‘ஆமா, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு’ன்னு அவ்வளவு சந்தோஷமா இருக்கும் சார். என்ன, நீங்க எப்பவும் எனக்குப் பத்து வாரம் பின்னாடியே வர்றீங்க.”

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

“கொஞ்சம் முன்னாடி புரட்டி, முப்பதாவது வாரத்துல பீரோ தள்ளலாமான்னு பார்த்துச் சொல்றீங்களா, சார்?”