நனையாத சேலைக் கரை

"கடல்ல இறங்கி ஒம்பது சுத்துச் சுத்திட்டு வாரவளுக்குச் சேலைக் கரை எப்படி அத்தை நனையாம இருக்கும்? நானும் நாலு வாரமாப் பார்க்குறேன்."

நாகலெட்சுமி கேட்டதற்கு மாமியார் முருகம்மாள் தலை நிமிரவில்லை. மிளகாய் வத்தல் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "பஸ்ஸுக் காத்துல காஞ்சிருக்கும்" என்றாள்.

சின்ன மருமகள் மாரிச்செல்விக்குச் சனி தோஷமாம். ஒன்பது சனிக்கிழமை தேவிபட்டினம் போய், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி வந்தால் சரியாகுமாம். பிள்ளையை மாமியாரிடம் விட்டுக் காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவாள். அதுவரை மிளகாய்க் களம், மாடு, அடுப்பு எல்லாம் மூத்தவள் நாகலெட்சுமி தலையில்.

அவளுக்கோ ஏற்கெனவே பிரஷர். போன மாசம் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டென்ஷனைக் குறைங்கக்கா" என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பினாள். டென்ஷன் என்ன சோறா, தட்டில் குறைத்துப் போட்டுக்கொள்ள?

"எவனையோ பார்க்கத்தான் போறா. இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிச்சு, மஸ்கட்டுல இருக்க கொழுந்தனுக்குப் போனைப் போடல, என் பேரு நாகலெட்சுமி இல்ல."

"போறதுன்னா போயிட்டு வா. அடுப்பை நான் பார்த்துக்கிறேன்."

ராமநாதபுரத்தில் பஸ் மாறித் தேவிபட்டினத்தில் இறங்கியவளுக்குத் தேடுகிற வேலையே இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, பூவரச மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவித்த கடலை. கையில் போன்கூட இல்லை.

டீக்கடை மறைவில் நின்று அவன் வரட்டும் என்று காத்திருந்தாள் நாகலெட்சுமி. அரை மணி நேரத்தில் வந்தது ஒரு ஆடுதான். அதற்கு மாரிச்செல்வி கடலைத் தோலைப் போட்டாள்.

பொறுமை போய்விட்டது. நேரே போய் நின்றாள்.

"யாருடி அவன்?"

மாரிச்செல்வி பதறவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். "எவன்க்கா?"

"கோயிலுக்குப் போகாம இங்கன யாருக்காக உக்காந்திருக்க?"

"எனக்காக."

"என்னது?"

"மொத வாரம் கோயிலுக்குத்தான் போனேன். அங்கனயும் ஒருத்தர் நகரு, நகருன்னு வெரட்டுறாரு. அதான் இங்கன வந்துட்டேன். ஒரு பகல் முழுக்க யாரும் என்னைய 'ஏய்'னு கூப்பிடக் கூடாது. 'போனைத் திருப்பிக் காட்டு, பின்னால யாரு நிக்கிறது'ன்னு உங்க கொழுந்தன் கேக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

"இதுக்குப் பேரு கொழுப்பு."

"இருக்கட்டும்."

"எனக்கு இல்லாத டென்ஷனாடி ஒனக்கு? நானெல்லாம் இப்பிடி ஊர் ஊராப் போயா உக்காந்திருக்கேன்?"

"ஒங்களுக்குக் கத்துனா இறங்கிரும்க்கா. எனக்குக் கத்த வராது. உள்ளயே கெடந்து கொதிக்கும். தை மாசம் ஒரு நா அரிசியே போடாம ஒலை கொதிச்சுச்சே, 'புத்தி எங்கடி போச்சு'ன்னு கேட்டீங்களே, அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளையத் தூக்கிட்டுக் கெணத்தடியில நின்னேன். எதுக்கு வந்தேன், எவ்வளவு நேரமா நிக்கேன், ஒண்ணுமே தெரியல. மறுவாரமே தோஷம்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்."

நாகலெட்சுமி இடுப்பில் ஊன்றியிருந்த கையை இறக்கினாள்.

"போன் பண்ணிச் சொல்லுங்க. ஊரைக் கூட்டிக்கூடச் சொல்லுங்க. அடுத்த சனிக்கிழமையும் வருவேன். அதுக்கடுத்ததும் வருவேன்."

கத்துவதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் நாகலெட்சுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"கத்துனா இறங்கிரும்னு ஒனக்கு யாருடி சொன்னா? கத்திக் கத்தித்தான் இந்த மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு."

மாரிச்செல்வி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடலையை அவள் பக்கம் நீட்டினாள்.

நாலு மணி பஸ் வரும்வரை இரண்டு பேரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எதையும் கிள்ளாமல், கிண்டாமல் இந்தக் கை இப்படி மடியில் கிடந்தது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தாள் நாகலெட்சுமி. பிடிபடவில்லை.

பஸ் தெரிந்ததும் எழுந்து, சின்னவளைத் தெருக்குழாய்க்கு இழுத்துப் போனாள். "காலைக் காட்டு. பொய் சொன்னா ஒழுங்காச் சொல்லணும்." இரண்டு சேலைக் கரையும் சொட்டச் சொட்ட நனைந்தன.

வீட்டில் முருகம்மாள் அதே வத்தல் குவியல் முன்னால் இருந்தாள்.

"நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் அத்தை. கூடவே நானும் ஒம்பது சுத்துச் சுத்துனேன். அங்கன ஐயரு என் ராசியையும் கேட்டாரு. எனக்கும் தோஷம் இருக்காம். ரெண்டு பேரும் இன்னும் ஒம்பது வாரம் வரணும்னுட்டாரு."

முருகம்மாள் எட்டி, மூத்தவளின் சேலைக் கரையைப் பிடித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"கடத்தண்ணி காஞ்சா உப்புப் பூக்கும்டி. இது கொழாத் தண்ணி."

மருமகள்கள் இருவரும் குனிந்து தங்கள் சேலைக் கரையைப் பார்த்தார்கள்.

"அடுத்த வாரம் கடல்லயே நனைச்சுட்டு வாங்க" என்று மறுபடி காம்பு கிள்ளத் தொடங்கினாள் முருகம்மாள். "ஒங்க மாமனாருகிட்ட இதே தோஷத்தைச் சொல்லிட்டு நான் போன காலத்துல, அந்தப் பூவரச மரத்தடியில பெஞ்சு கெடையாது. இப்பப் போட்டிருக்காங்களா?"