பத்து மணிப் பனி

மலைக்குடிலில் தங்கியிருந்த பனிச்சறுக்குக்காரர்கள், பனி கல்லாக இறுகியிருந்த விடியற்காலை நான்கு மணிக்கே ஏறிப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு வாசலறையைக் கூட்ட வந்த குடில்காரி லடீனா, அங்கே ஒரு ஜோடி பூட்ஸ் இருப்பதைப் பார்த்தாள். இடது கொக்கியில் அவளே கட்டிய செப்புக்கம்பி. தம்பி கூர்தினுடையது. ஆறு வருடம் முன்பு, இதே ஏப்ரல் வெயிலில், பத்து மணி வரை தூங்கிவிட்டு, அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல் இளகிய பனியில் ஏறினான். மேலே மூடியிருந்த பனி உடைந்து, அடியிலிருந்த பனியாற்றுப் பிளவு அவனைப் பூட்ஸோடு விழுங்கியது. இன்றுவரை திருப்பித் தரவில்லை.

வாசலறையில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குடிலுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்புகளில் ஒரு ஜோடி பலகையில் இல்லை. மாடியில் அது சரக் சரக்கென்று நடந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூட்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“மணி பத்துடா! வெளியில பனி கஞ்சியாக் கெடக்கு. இன்னைக்கு நீ எப்படிப் போறேன்னு நானும் பாக்கறேன். போய்ப் படுடா!”

நடை நின்றது. கட்டில் கிறீச்சிட்டது.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குச் செருப்புகள் பலகையில் இருந்தன. தொட்டாள். சூடாக இருந்தன. பூட்டிய அலமாரி காலியாக இருந்தது. கதவைத் திறந்து மலையைப் பார்த்துக் கத்தினாள்:

“இதை அன்னைக்கே செஞ்சிருந்தா என்னடா, தடிமாடு!”